அந்தமானுக்கு 'பீச் செட்' வாங்கலாமா?

கேள்வி: ஜனவரியில் நான், கணவர், பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் அந்தமான் போகிறோம். தஞ்சாவூரில் ஒரு கடையில் தொப்பி, டர்க்கி டவல், பை, ஸ்நார்கெலிங் (கடலில் மிதந்தபடி தண்ணீருக்கு அடியில் பார்ப்பது) மாஸ்க் எல்லாம் சேர்த்து 'பீச் செட்' என்று விற்கிறார்கள். நாலு செட் எடுத்தால் தள்ளுபடியாம். வாங்கிவிடலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் சகோதரி. அதில் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஸ்நார்கெலிங் அழைத்துப் போகிறவர்களே மாஸ்க் தருவார்கள். டர்க்கி டவல் அந்த ஈரக்காற்றில் லேசில் காயாது, மறுநாள் வாடை அடிக்கும். ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிழிந்து உதறிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், பையிலும் இடம் அடைக்காது.

பணம் போட வேண்டியது சன்ஸ்க்ரீனில். SPF 30 அல்லது அதற்கு மேல், 'PA+++' (UVA என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு), 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மூன்றும் இருக்கிறதா பாருங்கள். SPF 30 தோலைச் சுடும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காக இரட்டை விலை கொடுக்காதீர்கள். அளவுதான் முக்கியம். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒருமுறை பூச 30 மி.லி. வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். 50 மி.லி. ட்யூப் ஒரு ஆளுக்கு இரண்டு தடவைக்கே வராது! அதனால் உடம்பைத் துணியால் மூடுவதுதான் சிக்கனம். பருத்திச் சட்டை நனைந்தால் கனக்கும், வெயிலையும் கூடுதலாக உள்ளே விடும். பிள்ளைகளிடம் பாலியெஸ்டர் முழுக்கை ஜெர்சி இருந்தால் அதுவே போதும். அப்புறம் முகம், கழுத்து, கை, கால் பாதத்துக்கு மட்டும் பூசினால் சரி. தேங்காய் எண்ணெய் தடவினால் வெயில் தாக்காது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், பிள்ளைகளின் தோல் வெந்துவிடும்.

அடுத்தது செருப்பு. வேளாங்கண்ணி மணலில் வெறுங்காலோடு நடந்த பழக்கத்தில் அங்கே இறங்கக் கூடாது, உடைந்த பவளப்பாறை காலைக் கிழித்துவிடும். ஹவாய் செருப்பு தண்ணீரில் கழன்று மிதக்கும். பின்பக்கம் வார் உள்ள ரப்பர் சாண்டல் வாங்குங்கள்.

பவர் பேங்க்கை கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. கப்பலில் குமட்டல் வருமென்றால் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு இங்கேயே வாங்கிவிடுங்கள். திரும்பும்போது பிள்ளைகள் பொறுக்கிய பவளத் துண்டு எதுவும் பையில் இல்லையா என்று பாருங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

கேள்வி: கும்பகோணத்தில் வாங்கிய சன்ஸ்க்ரீனில் அச்சிட்ட விலையை மறைத்து, கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேட்டால், "புது ரேட்" என்கிறார்கள்.
- வாசகர், பாபநாசம்

பதில்: அப்படி ஒட்டக் கூடாது. விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். ஸ்டிக்கரை உரிக்காமல் படம் எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். முதலில் கடையில் வித்தியாசத் தொகையைக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். எடை, அளவு, பாக்கெட் விலையைச் சரிபார்க்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடமும் எழுதிக் கொடுக்கலாம்.