கலை வாரத்துக்கு வில்லுப்பாட்டு வையுங்கள்

வணக்கம் டீச்சர். சேரன்மகாதேவிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் கலை வாரம், கையில் பணமில்லை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையேறவே கூச்சப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

நடனத்தை விட்டுவிடுங்கள், வாடகை உடைக்கே பணம் கரைந்துவிடும். நம் ஊர் வில்லுப்பாட்டை வையுங்கள். அதில் எல்லோரும் உட்கார்ந்தே பாடலாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ‘ஆமா’ போட வேண்டும். வாயே திறக்காத பிள்ளைக்கும் அங்கே இடமுண்டு, அதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. வில்லுக்கு மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி மணிகளைத் தொங்கவிடுங்கள். தாளம் தட்ட மண்குடம் பக்கத்துக் காருக்குறிச்சியில் கிடைக்கும். தாமிரபரணியைப் பற்றிய கதையைப் பிள்ளைகளே கட்டட்டும், திருத்தாதீர்கள்.

ஒருநாள் பத்தமடையிலிருந்து பாய் நெய்பவரை அழையுங்கள். பரிசுப் போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்.