கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூடப் பரீட்சையில் சொதப்புவது ஏன்? பயம்தான் காரணமா?

"கவனம் பத்தலை" என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் பல வருடம் அதையே சொன்னவள்தான். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், மனவியல் எல்லாம் படித்ததில்லை.

பத்தாவது பையன் ஒருவன். செவ்வகத் தோட்டம், நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 84 சதுர மீட்டர். காரணிப்படுத்தி 7, −12 என்று இரண்டு விடை எடுத்தது வரை சரி. ஆனால் அகலம் −12 மீட்டர் என்று எழுதி வைத்திருந்தான். "உறுதியா?" என்றேன். சட்டென்று ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 7 என்று எழுதினான். எனக்கு என்ன தோன்றியதோ, அதே குரலில் மறுபடியும் "உறுதியா?" என்றேன். 7ஐயும் அழித்துவிட்டான்.

இத்தனை நாளும் என் முகத்தைப் பார்த்துத்தான் கணக்கு போட்டிருக்கிறான்! தப்பாக இருந்தால் மட்டும் "உறுதியா?" என்று கேட்டுக் கேட்டு அப்படிப் பழக்கியது நான்தான்.

1980 வாக்கில் பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டனுக்கு என்ன வயது? 97 பேரில் 76 பேர் இருந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் கேட்டால் விடை இருந்துதானே ஆக வேண்டும்!

அதற்குப் பிறகு சரியான விடைக்கும் "எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தேன். தோட்டத்தை வரையச் சொன்னேன். ஓரத்தில் −12 என்று எழுதிப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான். "மிஸ், இதுக்கு வேலி எப்படிப் போடுறது?"

"நாங்கள் அடி வாங்கித்தான் படித்தோம்" என்று சிலர் வருவார்கள். படித்திருப்பீர்கள், மறுக்கவில்லை. நான் சொன்னதும் மந்திரம் இல்லை, அவன் ஒன்றும் நூறு வாங்கிவிடவில்லை.

வயிற்றெரிச்சல் வேறு. அரையாண்டில் இதே மாதிரிக் கணக்கு. பெருக்கினால் 84, வித்தியாசம் 5, அப்படியென்றால் 7ம் 12ம் என்று தானாக யோசித்து, சரிபார்த்தும் காட்டியிருந்தான். "ஸ்டெப் இல்லை" என்று 5 மார்க்குக்குப் பூஜ்யம். சமன்பாடு எழுதாததற்கு 2 மார்க் குறைத்திருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். அந்தப் பக்கத்தின் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.