பி.டி.எஸ். முடித்தவர் எம்.பி.ஹெச். படிக்கலாமா? வேலை கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் பல் மருத்துவம் முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம். ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்கு இருக்கிறார். எம்.பி.ஹெச்., அதாவது பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு, படிக்க ஆசை, வீட்டில் "பல் டாக்டர் ஆனபிறகு இதென்ன புதுசா" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். 2017-ல் என் நிலையும் ஏறக்குறைய இதுதான். தருமபுரியில் மூன்று வருடம் கிளினிக் பார்த்துவிட்டுத்தான் எம்.பி.ஹெச். சேர்ந்தேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் சேர்க்கை நேரத்தில் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமே உண்டு. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. அதைப் பார்த்துவிட்டு எம்.பி.ஹெச். முடித்தால் மாவட்ட சுகாதார அலுவலர் நாற்காலியில் உட்காரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அது எம்.பி.பி.எஸ். படித்து, அதன்மேல் டி.பி.ஹெச். (பொது சுகாதார டிப்ளமோ) மாதிரியான படிப்பு முடித்தவர்களுக்கானது. நமக்கு வருவது தேசிய நலவாழ்வுக் குழுமத்தில் ஒப்பந்தப் பணி, ஆராய்ச்சி நிறுவனங்களில் புராஜெக்ட் வேலை, தொண்டு நிறுவனங்கள். பெரும்பாலும் பதினோரு மாத ஒப்பந்தம். என் முதல் வேலையும் அப்படித்தான். புராஜெக்ட் முடிந்த அன்று லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் பழைய கிளினிக்கில் பல் பிடுங்கித்தான் ஓட்டினேன்.

அப்புறம் ஏன் படித்தாய் என்று கேட்பீர்கள்.

தருமபுரிப் பக்கம் கிளினிக் வைத்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். சிரிக்கும்போது துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்ளும் பெண் பிள்ளைகள். முன்பல்லில் பழுப்புக் கோடு, சிலருக்குச் சின்னச் சின்னக் குழி. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் அம்மா கூட்டிக்கொண்டு வருவார்: "டாக்டரம்மா, எப்படியாச்சும் வெள்ளையாக்கி விட்டுருங்க." நானும் பல்நிறப் பசையைப் பூசி அனுப்புவேன். கொஞ்ச காலத்தில் ஓரம் பெயர்ந்துவிடும், மறுபடி வருவார்கள். நல்ல வருமானம்தான்.

காரணம் தண்ணீர். கரும்பாறைப் பூமி, ஆழமான போர்வெல், அதில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது குடிநீருக்கான எல்லை. எட்டு வயதுக்குள், பல்லின் மேற்பூச்சான எனாமல் உருவாகிற காலத்தில் அதற்கு மேல் குடித்த பிள்ளைக்குப் பல்லில் அது பதிந்துவிடும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. கொதிக்க வைத்தால் சரியாகும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மையில் தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு அடர்த்திதான் கூடும். ஒரே ஊரிலிருந்து ஒரே வாரத்தில் நான்கு பேர் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நான் பார்ப்பது நான்கு வாய், பிரச்சினை ஒரு தண்ணீர்த் தொட்டியில். அந்த ஊரில் மொத்தம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

அதனால் ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வராந்தா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வெளிச்சம் விழும் பக்கமாகப் பிள்ளையை உட்கார வைத்து, பஞ்சால் பல்லைத் துடைத்து, வாய்க்கண்ணாடியால் பார்த்து எண்ணைச் சொல்வேன், கூட வந்த தோழி எழுதுவாள். இந்தக் கறை எவ்வளவு என்று அளக்க டீன் குறியீடு என்று ஒன்று உண்டு. சாதாரணத்தில் ஆரம்பித்துக் கடுமை வரை ஆறு படி. முதல் வாரம் முடிந்ததும் சதவீதம் எல்லாம் போட்டு என் ஆய்வு வழிகாட்டியிடம் காட்டினேன்.

"ஏம்மா, ரிஜிஸ்டர்ல எத்தனை பேரு?"

நான் அன்றைக்கு வந்திருந்த பிள்ளைகளை மட்டும் எண்ணியிருந்தேன்.

"வராத பிள்ளைங்க எங்கம்மா போனாங்க? டினாமினேட்டரே இல்லாம சதவீதம் எங்கருந்து வந்துச்சு?"

தொகுதி மேலே, பகுதி கீழே என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததுதான். அந்தக் கீழே இருக்கிற எண்ணைத் தேடி மறுபடி ஊருக்குப் போனேன். வராத பிள்ளைகளில் பாதிப்பேர் அப்பா அம்மாவோடு பெங்களூரில். கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்கள், வருடத்தில் பல மாதம் அங்கேதான். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைகள் குடித்து வளர்ந்த தண்ணீரே வேறு. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எண்ணினால், பிறந்ததிலிருந்து ஊர்த் தண்ணீர் குடித்தவர்களின் பல்லைத்தான் அதிகம் எண்ணுகிறோம். கணக்கு ஏறித் தெரியும். அவர்களை எப்படிப் பிடிப்பது என்று விழித்தபோது வழி சொன்னவர் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர். "மாரியம்மன் பண்டிகைக்கு வாங்க மேடம், பெங்களூரே காலியாகி இங்க வந்துரும்." அப்படியேதான் நடந்தது. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பல் பார்த்தேன்.

இன்னொன்று. எந்த வயதில் எந்தத் தண்ணீர் என்று அம்மாக்களிடம் கேட்க வேண்டும். தேதி கேட்டால் யாருக்கும் தெரியாது. "இவ கைக்குழந்தையா இருக்கறப்ப கோயில் போர் தண்ணி. சின்னவன் பொறந்த மறுவருசம் ஒகேனக்கல் தண்ணி வந்துருச்சு" என்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது; அதை வைத்து வருடத்தைக் கணக்கிட்டுக்கொள்வேன். அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் அக்காவுக்குப் பதின்மூன்று வயது, முன்பல் இரண்டும் பழுப்பு. தம்பிக்கு ஏழு, அப்போதுதான் முளைத்த முன்பல், பால் மாதிரி வெள்ளை. கிளினிக்கில் நான் பூசிய எந்தப் பூச்சும் அப்படி நின்றதில்லை. எல்லா வீட்டுக் கதையும் இவ்வளவு அழகாக இருக்கவில்லை. குழாய் வந்த பிறகும் சமையலுக்குப் போர் தண்ணீரே பிடிக்கிறவர்கள் இருந்தார்கள்.

படிப்பு எப்படி இருக்கும்? இரண்டு வருடம். நோய்ப்பரவல் இயல், புள்ளியியல், சுகாதாரக் கொள்கை, சுற்றுச்சூழல், களப்பணி, ஆய்வேடு. நம்மைத் தடுக்கி விழ வைப்பது புள்ளியியல்தான். பன்னிரண்டாம் வகுப்போடு கணக்கை மூட்டை கட்டியவர்கள் முதல் செமஸ்டரில் அழுவார்கள், நானும் அழுதேன்.

எங்கே படிப்பது என்பதில் கொஞ்சம் கறாராக இருங்கள். இந்தியாவின் முதல் எம்.பி.ஹெச். 1997-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் ஆரம்பித்தது. சென்னை அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தகுதி வேறு, அந்த வருட அறிவிப்பை வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். தெருவுக்குத் தெரு ஆரம்பித்திருக்கும் படிப்புகளில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: களப்பணி எந்த ஊரில், எத்தனை வாரம்? பதில் மழுப்பலாக வந்தால் ஃபீஸ் கட்ட வேண்டாம்.

கல்லூரியில் பாடம் நடத்தத்தான் ஆசை என்றால் எம்.பி.ஹெச். வேண்டாம். நீட் எம்.டி.எஸ். எழுதி பொது சுகாதாரப் பல் மருத்துவம் எடுங்கள், மூன்று வருடம். அது வேறு பாதை.

வெளிநாடு என்றால் பிரிட்டனில் ஒரு வருடம், அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வருடம். வீட்டை அடமானம் வைத்துப் போகிற அளவுக்கு இந்தத் துறையின் சம்பளம் இல்லை என்பது என் கருத்து. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் அது இருக்கிறதே. அங்கே முயன்று பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி கேட்டு, ஒரு கிராம சுகாதார செவிலியரோடு மூன்று நாள் சுற்றுங்கள். வெயிலில் வீடு வீடாகப் போய், பூட்டிய வீட்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு, சாயங்காலம் அதே வீட்டுக்குத் திரும்பப் போவார். அது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் கிளினிக்கிலேயே இருங்கள். கிளினிக் பிடிக்கவில்லை என்பது மட்டும் இதைப் படிக்கக் காரணம் ஆகாது.

வீட்டு எதிர்ப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அப்பாவுக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் "பல் டாக்டர்" என்றுதான் சொல்வார். கேட்டவர் அங்கேயே வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுவார். நானும் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டு, எந்த ஊர்த் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.