வெட்டிப் போட்ட ஆஷ் மரங்களை வீட்டு விறகாக்குவது எப்படி?

கேள்வி: ஒன்டாரியோவில் பீட்டர்பரோவுக்கு வடக்கே ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியிருக்கிறோம். வண்டு அரித்துப் பட்டுப்போன மூன்று ஆஷ் மரங்களை ஆள் வைத்து இந்த ஏப்ரலில் வீழ்த்தியாயிற்று. கிளை கழித்த தண்டுகள் பின்வளவில் கிடக்கின்றன. நானே அறுத்துப் பிளந்து வரும் குளிர்காலத்துக்கு எரிக்க முடியுமா? கொஞ்சத்தைச் சட்பரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கும் கொண்டுபோகலாமா?

முடியும். ஆனால் இந்த மாதமே பிளந்துவிடுங்கள். அறுப்பது, அடுக்குவது, மூடுவது எல்லாம் முக்கியத்துவத்தில் அதற்குப் பிறகுதான் என்று சொல்லுமளவுக்கு இதில் எனக்கு அழுத்தமான எண்ணம் உண்டு. காரணம் என் முதல் குளிர்காலம்.

நானும் உங்களைப் போலவே ஏப்ரலில் தொடங்கினேன். தண்டுகளை 16 அங்குலக் குற்றிகளாக அறுத்து, நீலத் தார்ப்பாய் போட்டு அழகாக மூடிவைத்தேன். பிளப்பதை நவம்பருக்குத் தள்ளிப்போட்டேன். ஏழு மாதம் காய்ந்த மரம்தானே என்று நம்பியிருந்தேன். நவம்பரில் கோடாலி இறங்கியதும் பிளந்த முகத்தில் கையை வைத்துப் பார்த்தேன். ஈரத்துணியைத் தொட்டதுபோல் சில்லென்றிருந்தது. அடுப்பில் வைத்தால் கட்டையின் இரு முனைகளிலும் நீர் கொப்பளித்துச் சீறியது. கண்ணாடிக் கதவு இரண்டே நாளில் கறுத்தது. பிப்ரவரியில் புகைபோக்கியைத் துப்புரவு செய்ய வந்தவர், உள்ளேயிருந்து சுரண்டியெடுத்த தாரை ஒரு வாளியில் காட்டினார். உடைந்த கறுப்புக் கண்ணாடி போலப் பளபளத்தது. அது தீப்பற்றினால் புகைபோக்கியோடு நிற்காது, கூரையையும் கொண்டுபோய்விடும் என்றார். அன்றிரவு நாங்கள் யாருமே சரியாகத் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். மரத்தின் நீர் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும் குழாய்கள் வழியாக முனைகளுக்குத்தான் வரும். பக்கவாட்டில் அதற்குப் பட்டை ஒரு சுவர். பட்டையோடு உருண்டையாகக் கிடக்கும் குற்றி இரு முனைகளில் மட்டுமே காயும். நடுமரம் பசுமையாகவே இருக்கும். பிளந்தால்தான் காற்று உள்ளே கை நீட்டும். அடுத்த ஆண்டு அதே வளவில், அதே ஆஷ் மரத்தை ஏப்ரலிலேயே பிளந்து வெயிலில் அடுக்கினேன். அக்டோபரில் ஈரமானி 18 சதவீதம் காட்டியது. 20க்குக் கீழே வந்தால் எரிக்கலாம்.

ஆஷ் இதற்கு மிகவும் இடம்கொடுக்கும் மரம். பச்சையாக வெட்டிய வெள்ளை ஆஷில், உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 45 சதவீதம் நீர். சர்க்கரை மேப்பிளில் அது 65க்கு மேல். செவ்வோக்கின் நடுமரத்தில் 80. அதனால்தான் ஓக் இரண்டு கோடைகளைக் கேட்கும்போது ஆஷ் ஒரே கோடையில் ஆயத்தமாகிவிடுகிறது. ஆஷைப் பச்சையாகவே எரிக்கலாம் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். எரியும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கிலோ பச்சை ஆஷில் 300 கிராமுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீரை ஆவியாக்க வெப்பத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிட்டு, சரியாக எரியாத புகையைப் புகைபோக்கியில் தாராகப் பூசிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. என் அம்மா யாழ்ப்பாணத்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, நாளைக்கு எரிக்கும் விறகை இன்றைய புகையில் காயவைப்பார். பனைமட்டைக்கே அந்தக் கவனிப்பு இருந்தது.

உங்கள் மரங்கள் நின்றபடியே பட்டவை என்பதால் ‘ஏற்கெனவே காய்ந்திருக்குமே’ என்று தோன்றும். மேல்பகுதி காய்ந்திருக்கலாம். அடித்தண்டை நம்பாதீர்கள். நான் அளந்த ஒரு மரத்தில் உச்சிப்பக்கம் 22, அடியில் 38. ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் அப்போதுதான் பிளந்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள். அறுத்த முனையில் குத்தினால் அது பொய்தான் சொல்லும்.

இனி அறுப்பது. நல்லவேளை, வீழ்த்துவதை ஆட்களிடம் விட்டீர்கள். வண்டு கொன்ற ஆஷ் சில ஆண்டுகளிலேயே மொறுமொறுவென்று ஆகிவிடும். கீழே செயின்சா (சங்கிலி வாள்) அதிரும்போது மேலே கிளை முறிந்து தலையில் விழும். அது போதாதென்று, ஆஷின் இழை நேராக ஓடுவதால், பாதி வெட்டியதுமே தண்டு செங்குத்தாகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறி வெட்டுபவரை அடிக்கவும் கூடும். வளவில் இன்னும் பட்ட ஆஷ் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் தொடாதீர்கள். இதை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்.

தரையில் கிடக்கும் தண்டிலும் ஆபத்து இருக்கிறது. 40 சென்டிமீட்டர் பருமனும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள தண்டு 300 கிலோ வரும். சரிவில் கிடந்தால் எப்போதும் மேட்டுப்பக்கம் நின்றே அறுங்கள். தண்டு எங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள். இரு முனையும் தாங்கி நடு தொங்கினால், மேல்முகம் நெருங்கி அமுங்கியிருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் வாள் இறுகச் சிக்கிக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுத்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறு. தரையோடு படுத்திருக்கும் தண்டை முக்கால்வாசி வரை வரிசையாக அறுத்துக்கொண்டே போய், பிறகு நெம்பிப் புரட்டி மறுபக்கத்தில் முடிப்பது என் வழக்கம். சங்கிலி ஒரே ஒரு கணம் மண்ணைத் தொட்டால் போதும், கூர் போய்விடும். வெட்டும்போது மரச்செதில்கள் விழவேண்டும். மாவாக விழத் தொடங்கினால் அரம் எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

செயின்சா வாள்நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால், கண்ணிமைப்பதற்குள் வாள் முகத்தை நோக்கித் துள்ளும். கீழே கிடக்கும் குற்றியில் நுனி தெரியாமல் பட்டு நடக்கும் விபத்து இது. தலைக்கவசம், முகவலை, காதுமூடி எல்லாவற்றோடும் கால்காப்பும் கட்டாயம். அதற்குள் இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலி பட்டதும் பிய்ந்து வெளிவந்து பல்சக்கரத்தில் சிக்கி வாளை நிறுத்திவிடும். தனியாக இருக்கும் நாளில் இந்த வேலை வேண்டாம்.

நீளத்தை உங்கள் அடுப்பைப் பார்த்துத் தீர்மானியுங்கள். அடுப்பின் உள்நீளத்தைவிட மூன்று அங்குலமாவது குறைவாக இருக்கட்டும். 16 அங்குலம் பெரும்பாலும் பொருந்தும்.

பிளப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கோடாலிப் பிடியும் பேஸ்பால் மட்டையும் ஹாக்கி மட்டையும் தலைமுறைகளாக ஆஷில் செய்யப்பட்டதற்குக் காரணமான அந்த நேர் இழை இங்கே உங்களுக்கு உதவிக்கு வருகிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே உயரம் வரும் அடிக்கட்டை ஒன்றை நிலத்தில் உறுதியாக நிறுத்துங்கள். அதன்மேல் ஒரு பழைய கார் டயரைப் பொருத்தி, குற்றியை டயருக்குள் நிறுத்தினால் பிளந்த துண்டுகள் சிதறி ஓடாது. ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பொறுக்கும் வேலை மிச்சம். மரம் வெட்டும் மெல்லிய கோடாலி வேண்டாம், அது இறங்கிச் சிக்கும். முகம் ஆப்புப்போல் தடித்த, ஆறு முதல் எட்டு பவுண்டு எடையுள்ள பிளக்கும் கோடாலியை வாங்குங்கள்.

குற்றியின் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். மையத்திலிருந்து விளிம்புக்கு மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். மரமே தன் பிளவுக்கோட்டை வரைந்து காட்டியிருக்கிறது. அந்தக் கோட்டில் இறக்குங்கள். சிறு குற்றி நடுவில் ஒரே அடியில் இரண்டாகும். 40 கிலோ எடையுள்ள பெரிய குற்றியை நடுவில் தாக்கி மல்லுக்கட்ட வேண்டாம். விளிம்பிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சுற்றிவரக் கழற்றுங்கள். கணு இருந்தால் அதை ஒதுக்கி அடியுங்கள். கவடு விட்ட குற்றிகளில் இழை முறுக்கிப் பின்னியிருக்கும். அவற்றுக்கு ஆப்பும் சம்மட்டியும்தான். நல்ல ஆஷ் பிளக்கும்போது எழும் ஓசை தனி: ‘டக்’ என்று ஒரே சொல்லாக வரும், கிழியும் இரைச்சல் இருக்காது. கடுங்குளிரில் உறைந்த குற்றி இன்னும் எளிதாகப் பிளக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்காகக் காத்திருந்து நான் பட்ட பாட்டை மேலே சொல்லிவிட்டேன்.

பிளக்கும்போது பல இடங்களில் பட்டை தானாகவே கழன்று விழும். அதைப் புரட்டிப் பாருங்கள். உட்புறத்தில் யாரோ விரல்நுனியால் எழுதியதுபோல் நெளிநெளியாகப் பள்ளங்கள், அவற்றுக்குள் மாவுபோல் இறுகிய கழிவு. எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் புழு தின்ற பாதை அது. மரத்தின் உணவு கீழிறங்கும் திசுவை அந்தப் பாதைகள் குறுக்கே அறுத்துவிடுவதால், மரம் பட்டினியால் சாகிறது. பட்டையின் வெளிப்புறத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில், ஒருபக்கம் தட்டையான அரைவட்டத் துளை தெரிந்தால், வளர்ந்த வண்டு அங்கே வெளியேறியிருக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த இந்த வண்டு 2002இல் டெட்ராய்ட்டிலும் எல்லைக்கு இப்பால் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான மரங்கள் போயின. கறுப்பு ஆஷின் ஆண்டு வளையங்களைத் தட்டித் தட்டி நாராகப் பிரித்துக் கூடை முடையும் பூர்வகுடி மக்களுக்கு இது ஒரு தொழிலின், ஒரு நினைவின் இழப்பு. விறகடுக்கும்போதெல்லாம் எனக்கு இது மனத்தில் உறுத்தும்.

அடுக்குவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணில் படாமல் மரப்பலகைத் தட்டுகளின்மேல், வெயிலும் காற்றும் வரும் பக்கமாக, ஒற்றை வரிசையில். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களைத் தார்ப்பாயால் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். 40 சென்டிமீட்டர் பருமனுள்ள மூன்று மரங்களில் எனக்கு ஏறத்தாழ ஒரு ‘புஷ் கோர்ட்’ கிடைத்தது, அதாவது நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம், மொத்தம் 128 கன அடி. வீட்டை முழுக்க விறகாலேயே சூடாக்குவதென்றால் இது ஒரு குளிர்காலத்துக்குப் போதாது. துணைக் கணப்புக்குத் தாராளம். வெளியே வாங்க நேர்ந்தால் ‘ஃபேஸ் கோர்ட்’ என்று விற்பது இதில் மூன்றில் ஒரு பங்குதான் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய வீடு என்கிறீர்கள். முதல் தீ மூட்டுவதற்கு முன், விறகடுப்புகளைப் பரிசோதிப்பவர்களுக்கான ‘வெட்’ (WETT) சான்றுபெற்ற ஒருவரை அழைத்து அடுப்பையும் புகைபோக்கியையும் பரிசோதியுங்கள். காப்புறுதி நிறுவனமும் பெரும்பாலும் அதைக் கேட்கும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைக்கு அருகே இருக்கட்டும்.

அண்ணனுக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வெட்டிய பிறகும் பட்டைக்கு அடியில் புழு உயிரோடிருக்கும். அடுத்த கோடையில், சிலவேளை அதற்கும் அடுத்த கோடையில், வண்டாக வெளியே பறக்கும். தானாகப் பறந்தால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர் மட்டுமே பரவும் வண்டு இவ்வளவு தூரம் எட்டியதற்கு விறகு ஏற்றிய வண்டிகள் பெரிய காரணம். விறகை இடம் மாற்றாதீர்கள் என்று கனடிய உணவுப் பரிசோதனை முகமை ஓயாமல் சொல்வது இதனால்தான். அண்ணன் சட்பரியிலேயே உள்ளூர் விறகு வாங்கிக்கொள்ளட்டும். அவர் குளிர்காலத்தில் உங்களிடம் வந்து தங்கும்போது இந்த ஆஷ் காய்ந்திருக்கும்.