வயலில் கிடைத்த கல்லில் இருப்பவள் வீராங்கனையா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கள் நிலத்தில் வரப்பு வெட்டும்போது 3 அடிப் பலகைக்கல் ஒன்று கிடைத்தது. வாளோடு ஒரு வீரன், பக்கத்தில் வலது கையை உயர்த்திய பெண். ஊரில் அம்மன் என்கிறார்கள். வாங்க வந்தவரோ, "போர் செய்த ராணி, நல்ல விலை போகும்" என்கிறார். எது சரி? விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவள் பெரும்பாலும் அந்த வீரனின் மனைவி. அவன் போரிலோ மாடு மீட்கும் பூசலிலோ இறக்க, இவள் அவன் சிதையில் தீப்பாய்ந்து உயிர்விட்டிருப்பாள். இப்படிப்பட்ட கல்லை ஓசூர்ப் பக்கம் மாஸ்திக்கல் என்பார்கள். தீப்பாஞ்சம்மன் என்று பல ஊர்களில் கும்பிடுவதும் இவளைத்தான். அந்தக் கையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முழங்கை மடங்கி, விரல்கள் மேல்நோக்கி, மணிக்கட்டில் வளையல் வரிவரியாகத் தெரியும். வளையல் கழற்றாமல் சுமங்கலியாகவே போனவள் என்பதற்கு அதுதான் அடையாளம். விரலிடையில் உருண்டையாக இருந்தால் எலுமிச்சம்பழம், ஆயுதம் அல்ல.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கணவன் இறந்தபின் உயிரோடு இருந்தால் என்ன கதி என்பதைப் புறநானூறு 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் என்ற அரசனின் தேவியே சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளிவிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல் மேல் படுக்கை. அரசிக்கே இதுதான்.

போரிட்ட பெண்ணுக்குக் கல்லே இல்லையா? உண்டு. கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டுச் சாவியப்பே என்பவளின் கல் இருக்கிறது. கணவனோடு போருக்குப் போய்க் களத்திலேயே மாண்டவள். கல்லில் அவள் குதிரைமேல் இருக்கிறாள், வாளை ஓங்கியிருக்கிறாள், எதிரே யானைமேல் ஒருவன். வாள் அவள் கையில்தான் இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் கல்லிலும் ஆயுதம் பெண்ணின் விரல்களுக்குள் இருந்தால்தான் அந்தப் பேச்சு. வீரனின் வாள்நுனி அவள் பக்கம் நீண்டிருப்பதைக் காட்டியே தரகர்கள் 'ராணி' ஆக்கிவிடுவார்கள்.

மண்ணில் கிடைத்ததை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 100 ஆண்டு தாண்டிய சிற்பத்தை உரிமமில்லாமல் வியாபாரம் செய்வது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம். தரகர் முன்பணம் தந்து ராத்திரியில் வண்டி கொண்டுவருவார், மாட்டிக்கொள்வது நிலத்துக்காரர். எழுத்தைப் படித்துத் தருகிறேன் என்று கம்பி பிரஷ்ஷும் ஆசிட்டுமாக வருபவரையும் அண்டவிடாதீர்கள்.

ஆட்சியருக்கு மனு எழுதி வி.ஏ.ஓ.விடம் ஒரு பிரதி கொடுங்கள்; உங்கள் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாயால் சொன்னால் மேசை மேசையாக அலையவிடுவார்கள். நான் தகவல் கொடுத்த ஒரு கல் 8 மாதம் அலுவலகப் புளியமரத்தடியில் கிடந்தது. அதன்மேல் சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்து முகமே தேய்ந்துபோனது. எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் ஆள் வந்து பார்க்கும்வரை கல்லை நகர்த்தாதீர்கள். காலைச் சாய்வெயிலில் நாலு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசுவதை அதுவரை நிறுத்தச் சொல்லுங்கள். எழுத்து இருந்தால் அடைந்துபோகும்.