வாசகர் கேள்வி – பதில்: பகிர்ந்த ஸ்டோரேஜும் தின் புரொவிஷனிங்கும்

கேள்வி: எங்கள் கல்லூரியில், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளை விஎம்வேரிலிருந்து புராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றினோம். மூன்று சர்வர்களும் (நோடுகளும்) ஐஸ்கசி என்ற நெட்வொர்க் முறை வழியாக ஒரே சான் ஸ்டோரேஜின் (சர்வர்களுக்குப் பொதுவான தனி ஸ்டோரேஜ் கருவியின்) 10 டெராபைட் லன்னை, அதாவது சான் ஒரே டிஸ்க்காகக் காட்டும் பகுதியை, பயன்படுத்துகின்றன. 500 ஜிபி டிஸ்க் கொடுத்த மெய்நிகர் கணினி 80 ஜிபி மட்டுமே எழுதியிருந்தாலும் முழு 500 ஜிபியும் கழிந்துவிடுகிறது. அந்த லன்னில் எல்விஎம்-தின் (லினக்ஸ் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் எல்விஎம்மில், எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் ‘தின் புரொவிஷனிங்’ வகை) அமைத்து, மூன்று நோடுகளுக்கும் பகிர்ந்தது என்று குறித்துவிடலாமா?

பதில்: அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். அமைப்பில் உள்ள ‘பகிர்ந்தது’ என்ற குறி, அந்த ஸ்டோரேஜ் எல்லா நோடுகளுக்கும் ஏற்கெனவே பொதுவாக இருக்கிறது என்று புராக்ஸ்மாக்ஸுக்குத் தெரிவிக்கிறதே தவிர, ஒரு நோடுக்கு மட்டும் உரியதைப் பொதுவாக்கித் தருவதில்லை.

சாதாரண எல்விஎம்மில் எந்த டிஸ்க் லன்னின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற விவரம், டிஸ்க்கை உருவாக்கும்போதும் பெரிதாக்கும்போதும் நீக்கும்போதும் மட்டுமே மாறுகிறது. அந்தச் சில நொடிகளுக்குக் கிளஸ்டர் (எல்லா நோடுகளும் சேர்ந்த தொகுதி) முழுவதற்கும் ஒரு பூட்டைப் போட்டு புராக்ஸ்மாக்ஸ் சமாளித்துக்கொள்கிறது. எல்விஎம்-தின்னில் நிலைமை வேறு. மெய்நிகர் கணினி இதுவரை தொடாத ஒரு பகுதியில் முதன்முறை எழுதும் ஒவ்வொரு தடவையும் புதிய இடம் ஒதுக்கப்பட்டு, அந்த ஒதுக்கீடு மெட்டாடேட்டா என்ற கணக்கில் பதிவாகிறது. அந்த மெட்டாடேட்டாவை ஒரே ஒரு லினக்ஸ் கெர்னல்தான் (ஒரு நோடின் இயங்குதள மையம்தான்) கையாளும் என்ற அடிப்படையில்தான் அது வடிவமைக்கப்பட்டுள்ளது. இரண்டு நோடுகள் ஒரே நேரத்தில் அதைத் திறந்தால், ஒரே கணக்குப் பேரேட்டின் இரண்டு படிகளில் இரு எழுத்தர்கள் தனித்தனியே வரவு வைப்பது போல, ஒரே காலி இடத்தை இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு ஒதுக்கிவிடும். ஒன்றின் தரவின் மேல் மற்றொன்று எழுதும். முதல் சில நாள்கள் எந்தக் கோளாறும் தென்படாமல் போகலாம் என்பதே இதில் மிகவும் அஞ்சத்தக்கது.

விஎம்வேரில் உங்களுக்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அதன் விஎம்எஃப்எஸ் பல நோடுகள் ஒரே லன்னில் எழுதுவதற்கென்றே, டிஸ்க்கிலேயே பூட்டுகளை வைத்துக்கொள்ளும் கோப்பமைப்பாக உருவாக்கப்பட்டது என்பதுதான்.

ஆகவே, ஒதுக்கீட்டுக் கணக்கை எந்த அடுக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே சான் இருப்பதால், அந்தப் பொறுப்பை அதனிடமே விடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சானில் லன்னையே தின் லன்னாக, உண்மையான இடத்தைவிடப் பெரிய அளவில், எடுத்துக்காட்டாக 20 டெராபைட் என்று அறிவித்து உருவாக்கி, அதன்மேல் சாதாரண எல்விஎம்மை வையுங்கள். புராக்ஸ்மாக்ஸ் 500 ஜிபி கழித்ததாகக் கணக்குக் காட்டினாலும், சானில் செலவாவது எழுதப்பட்ட 80 ஜிபியை ஒட்டியே இருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த புராக்ஸ்மாக்ஸ் 9.0, பகிர்ந்த எல்விஎம்மிலும் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும் வசதியைச் சோதனை நிலையில் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் டிஸ்க்கின் முழு அளவு இடத்தை எல்விஎம்மில் பிடிக்கும் என்பதால், அடியில் இருக்கும் லன் தின்னாக இருப்பது அங்கும் கைகொடுக்கும்.

சான் அதற்கு இடம் தராவிட்டால், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) பகிர்வில் கியூகவ்2 என்ற மெய்நிகர் டிஸ்க் வடிவக் கோப்புகளாக டிஸ்க்குகளை வைக்கலாம். அப்போது கணக்கு கோப்பு சர்வரிடம் இருக்கும், ஸ்னாப்ஷாட்டும் கிடைக்கும். பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாக இணைக்கும் செஃப் இயல்பிலேயே தின்தான் என்றாலும், ஒவ்வொரு சர்வரிலும் தனி டிஸ்க்குகளும் வேகமான நெட்வொர்க்கும் கேட்கும், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதிகளாக வைக்கும். கையில் நல்ல சான் இருக்கும்போது அதை ஒதுக்கிவிட்டுச் செஃப்புக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: தின் லன்தான் வைத்திருக்கிறோம். மெய்நிகர் கணினிக்குள் 200 ஜிபி பழைய கோப்புகளை அழித்தும் சானில் பயன்பாடு குறையவில்லையே?

பதில்: கோப்பை அழித்தது அந்தக் கணினியின் கோப்பமைப்புக்கு மட்டுமே தெரியும். இடம் காலியானது என்ற செய்தி, டிஸ்கார்ட் என்ற கட்டளையாக ஒவ்வோர் அடுக்கையும் தாண்டிச் சானை அடைய வேண்டும். மெய்நிகர் டிஸ்க்கை விர்ட்ஐஓ ஸ்கசி என்ற இணைப்பு வகையில் இணைத்து, அதன் அமைப்பில் டிஸ்கார்டை இயக்கி, உள்ளிருக்கும் லினக்ஸில், காலியிடங்களுக்கு டிஸ்கார்ட் அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளை வாரந்தோறும் ஓடுமாறு செய்யுங்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய எழுத்து ‘டி’ விருப்பத்துடன் மெய்நிகர் கணினிக்குள் ஒருமுறையும் புராக்ஸ்மாக்ஸ் நோடில் ஒருமுறையும் கொடுத்துப் பாருங்கள். டிஸ்கார்ட் அளவு 0 என்று எங்கே வருகிறதோ அங்கே வழி அடைபட்டிருக்கிறது.

டிஸ்க்கையே நீக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்விஎம் அமைப்புக் கோப்பில் ‘இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்’ இயல்பாக 0 என்றே இருக்கும். அதை 1 ஆக்காவிட்டால் நீக்கிய டிஸ்க்கின் இடம் சானுக்குத் திரும்பாது.

கேள்வி: இருப்பதைவிட எத்தனை மடங்கு ஒதுக்கலாம்?

பதில்: மடங்கைவிட, இடம் நிரம்பும் வேகமே முக்கியம். சானின் உண்மையான இடம் தீர்ந்தால் அந்த லன்னில் இருக்கும் எல்லா மெய்நிகர் கணினிகளின் எழுதும் முயற்சிகளும் ஒரே நேரத்தில் தோற்கும். அதிகம் எழுதியது எது என்று அது பார்க்காது. புராக்ஸ்மாக்ஸ் திரையில் தெரியும் காலியிடம், லன்னுக்கு அறிவித்த 20 டெராபைட்டுக்கான கணக்கு என்பதால், எச்சரிக்கையைச் சானிலேயே அமைக்க வேண்டும். செஃப் இயல்பாக 85 விழுக்காட்டில் எச்சரித்து, 95 விழுக்காட்டில் எழுதுவதை நிறுத்திவிடுகிறது. கல்லூரிகளில் கொள்முதல் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், உங்கள் முதல் எச்சரிக்கையை 70 விழுக்காட்டில் வைத்து, அது வந்த அன்றே புதிய டிஸ்க்குகளுக்கான கோரிக்கையை அனுப்பிவிடுங்கள்.