ஒரு கல்மணி பிறந்த கதை: குழந்தைகள் அருங்காட்சியகம் குறித்த கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): ஐயா, பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றைக் குழந்தைகள் அருங்காட்சியகமாகப் புதுப்பித்திருக்கிறோம். கொங்கு வரலாறு முழுவதையும் அதில் காட்டலாமா?

பதில்: வேண்டாம். குழந்தைக்குக் கால்வலிதான் மிஞ்சும். சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் ஒன்றே போதும். பதிற்றுப்பத்து பாடும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பர். கல்மணிப் பட்டறைகளின் எச்சங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் இங்கே அகழாய்வில் கிடைத்துள்ளன. இவற்றுள்ளும் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்லாக உள்ளே நுழைவது மணியாக வெளியேறும்படி அறைகளை வரிசைப்படுத்துங்கள்.

கேள்வி (கரூர், ஆசிரியை): குழந்தைகள் தொட்டுப் பார்க்க எதை வைக்கலாம்?

பதில்: அசல் மணிகள் கண்ணாடிக்குள் இருக்கட்டும் அம்மா. கல்லைச் சில்லாக உடைத்து, உருட்டித் தேய்த்து, துளையிட்டு, மெருகேற்றுவதுதான் மணி செய்யும் முறை. கடினமான கல் விளிம்பில் தெறித்துவிடாமல் இருக்க, இருபுறமிருந்தும் துளையிட்டு நடுவில் சேர்ப்பார்கள். இரண்டும் சற்றே பிசகினால் உள்ளே ஒரு சிறு படி நின்றுவிடும். தேங்காயளவு மரமணியைக் குறுக்கே பிளந்து அந்தப் படியைச் செதுக்கி வையுங்கள்; குழந்தையின் விரல் அங்கே தட்டி நிற்கும்போது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கைத்தவறு அதற்குப் புரிந்துவிடும். பக்கத்திலேயே கயிறு சுற்றி இழுக்கும் வில் துறப்பணமும், துளையிடக் கொட்டாங்குச்சித் துண்டுகளும், கூடவே ஒரு பெரியவரும் இருக்கட்டும். தொடுதிரைக்கு ஒதுக்கிய பணத்தை இதற்குச் செலவிடுவதே என் விருப்பம்.

கேள்வி (பல்லடம், தச்சர்): பேழைகளை என்ன உயரத்தில் அமைப்பதுங்க?

பதில்: ஆறு வயதுக் குழந்தையின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 105 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் பெரியவர்களின் கணக்கில் பேழை செய்துவிட்டோம். திறப்பு நாள் முழுவதும் தகப்பன்மார் பிள்ளைகளைத் தூக்கியபடியே நின்றார்கள். கண்ணாடி விளிம்பை மழுக்க மறவாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): சுண்ணாம்பு பூசி ஒரு வாரம் ஆகிறது. பொருள்களை அடுக்கலாமா?

பதில்: பொறுங்கள். சுவரின் ஈரம் வற்றாமல் இரும்புப் பொருள்களை வைத்தால் துரு ஏறும்; புதிய ஒட்டுப்பலகையும் வண்ணமும் விடும் ஆவியும் உலோகத்தைக் கெடுக்கும். இரும்புப் பொருள்கள் உள்ள பேழைக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். பெரும்பாலான கல்மணிகளுக்கு வெளிச்சத்தால் கேடில்லை. பழைய துணி வைப்பதானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம்.

கேள்வி (கோபி): விளக்கப் பலகையைச் செந்தமிழில் எழுதுவதா, நம் பேச்சிலா?

பதில்: பலகை எளிய எழுத்துத் தமிழில், மூன்று வரிக்குள் அடங்கட்டும். துறப்பணத்தருகே நிற்பவர் மட்டும், “இழுத்துப் பாருங்க கண்ணு” என்று நம் பேச்சிலேயே அழைக்கட்டும்.